கடலின் ஓட்டத்தை அளக்கத் தொடங்கியது எப்படி?

கேள்வி: கடல் நீரோட்டங்களை முதலில் அளந்தவர் யார்? எப்படி அளந்தார்?

கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் வழக்கமாகக் கருங்கடலிலிருந்து தெற்கே ஓடுகிறது. அடியில் அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு ஓட்டம் இருப்பது கான்ஸ்டான்டினோப்பிள் மீனவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஆழத்தில் இறக்கிய வலை மேலோட்டத்துக்கு எதிராக இழுபடுவதை அவர்கள் அன்றாடம் கண்டுவந்தார்கள். 1679இல் அங்கே வந்த லூயிஜி பெர்தினாந்தோ மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர் அதைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி நீரில் இறக்கினார். மேலிருந்த தக்கைகள் தெற்கே சாய்ந்தன. ஆழத்தில் இருந்தவை வடக்கே, கருங்கடல் பக்கம் சாய்ந்தன.

மார்சிலி அத்துடன் நிற்கவில்லை. பல இடங்களில் நீரை எடுத்து எடைபோட்டுப் பார்த்து, கருங்கடல் நீர் மத்தியதரைக் கடல் நீரைவிட இலேசானது என்று கண்டார். பெரிய ஆறுகள் வந்து கலப்பதால் கருங்கடலின் மேல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 18 கிராம் உப்பே உண்டு. மத்தியதரைக் கடலில் அது 38 கிராம் அளவு. பிறகு ஒரு தொட்டியை நடுவே தடுத்து, ஒருபுறம் கனமான உப்புநீரையும் மறுபுறம் இலேசான நீரையும் நிரப்பி, தடுப்பின் மேலும் கீழும் இருந்த துளைகளைத் திறந்துவிட்டார். கனமான நீர் கீழ்த்துளை வழியாக ஒரு பக்கம் போக, இலேசான நீர் மேல்துளை வழியாக எதிர்ப்பக்கம் வந்தது. உப்பின் அளவு மாறினாலே கடல் ஓடும் என்பதைக் காட்டிய இந்த ஆய்வு 1681இல் ரோமில் நூலாக வந்தது. கடல் ஓட்டத்தின் காரணத்தைச் சோதனையால் நிறுவிய முதல் முயற்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

கேள்வி: நீரோட்ட வரைபடங்கள் எப்போது வந்தன?

அட்லாண்டிக்கின் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்தின் பெயர்பெற்ற முதல் வரைபடம் பிறந்தது ஓர் அஞ்சல் புகாரால். இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து நியூயார்க் செல்லும் அஞ்சல் கப்பல்கள், லண்டனிலிருந்து ரோட் ஐலண்டு செல்லும் வணிகக் கப்பல்களைவிட இரண்டு வாரம்போலத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறையில் பொறுப்பு வகித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அப்போது லண்டனில் இருந்தார். காரணம் என்னவென்று 1768இல் அவர் தம் உறவினர் திமோதி ஃபோல்ஜரிடம் கேட்டார். நாண்டக்கெட் தீவைச் சேர்ந்த ஃபோல்ஜர் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். திமிங்கிலங்கள் கல்ஃப் ஸ்ட்ரீமின் விளிம்புகளில்தான் திரியும், உள்ளே வருவதில்லை. அவற்றைத் துரத்துகிறவர்களுக்கு விளிம்பு எங்கே என்பது அத்துபடி. ஓட்டத்தின் நடுவில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்த அஞ்சல் கப்பல்களை வேட்டைக்காரர்கள் பலமுறை எச்சரித்தும், ஆங்கிலேயத் தலைவர்கள் கேட்கவில்லை என்று ஃபோல்ஜர் சொன்னார். அவர் கோடிட்டுக் காட்டியபடி ஃபிராங்க்ளின் வரைபடத்தை அச்சிட்டார். ஃபால்மத் தலைவர்கள் அதையும் பொருட்படுத்தவில்லை என்பது வருத்தமான உண்மை.

ஃபிராங்க்ளின் பின்னர் 1775 முதல் தம் கடற்பயணங்களில் வெப்பமானியை நீரில் இறக்கி அளந்துவந்தார். சுற்றியுள்ள கடலைவிட ஓட்டத்தின் நீர் வெதுவெதுப்பானது. ஆகவே வெப்பமானியைக் கொண்டே ஓட்டத்துக்குள் நுழைந்ததையும் வெளியேறியதையும் அறியலாம் என்று அவர் காட்டினார்.

அடுத்த படி கப்பலின் கணக்குப் புத்தகங்களிலிருந்து வந்தது. வேகத்தையும் திசையையும் வைத்துக் கப்பல் எங்கே இருக்க வேண்டும் என்று தலைவர் கணக்கிடுவார். சூரியனையும் குரோனோமீட்டர் எனும் கடற்கடிகாரத்தையும் கொண்டு அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு நீரோட்டம் தள்ளிய தூரம். வங்கத்தின் தலைமை நில அளவையாளராக இருந்து இங்கிலாந்து திரும்பிய ஜேம்ஸ் ரென்னல் இத்தகைய பதிவுகளை ஆண்டுக்கணக்கில் திரட்டினார். அவரது அட்லாண்டிக் நீரோட்ட நூல் அவர் இறந்தபின் 1832இல் வெளியானது. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ ஃபாண்டெய்ன் மோரி, கிடங்கில் குவிந்து கிடந்த பழைய கப்பல் குறிப்பேடுகளைப் புரட்டி 1847இல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிடத் தொடங்கினார். பயணக் குறிப்புகளை அனுப்பிவைக்கும் தலைவர்களுக்கு வரைபடம் இலவசம் என்ற அவரது ஏற்பாட்டால் பதிவுகள் மேன்மேலும் வந்து குவிந்தன.

கேள்வி: ஆழத்து ஓட்டத்தை எப்படி அளந்தார்கள்?

நார்வேயின் ஃபிரிட்ஜாஃப் நான்சென் 1893 முதல் 1896 வரை ஃபிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் சிக்கவைத்து, பனியோடு மிதந்து சென்றார். காற்று வீசும் திசையில் பனி போகவில்லை. அதற்கு 20 முதல் 40 பாகை வலப்புறம் விலகியே போனது. இந்தப் புதிருக்குக் கணக்கால் விடை கண்டவர் ஸ்வீடனின் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன். பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்புறம் திரும்புகிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்கை இழுக்க, திருப்பம் ஆழத்தோடு கூடுகிறது. மொத்தத்தில் மேலடுக்கு நீர் காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோரம் தெற்கு நோக்கி வீசும் காற்று மேல்நீரை மேற்கே விலக்கிவிட, ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே வருவதும், அதை நம்பி மத்தி மீன் பெருகுவதும் இதனால்தான்.

எக்மன் செய்த ஓட்டமானி எளிய பொறி. கம்பியில் தொங்கவிட்ட கருவியின் மேல் ஓர் எடையை வழுக்கிவிட்டால் சுழலி திறக்கும். அது சுழலச் சுழலச் சிறு குண்டுகள் ஒவ்வொன்றாகக் காந்த ஊசியின் மேல் விழுந்து, திசைவாரியாக 36 அறைகள் கொண்ட பெட்டிக்குள் உருளும். சுற்றுகளின் எண்ணிக்கை வேகத்தையும், குண்டுகள் கிடக்கும் அறைகள் திசையையும் சொல்லும். ஒவ்வோர் அளவுக்கும் கருவியை இறக்கி ஏற்றியாக வேண்டும்.

1955இல் பிரிட்டனின் ஜான் ஸ்வாலோ வேறு வழியில் சென்றார். அலுமினியக் குழாய்களால் ஒரு மிதவை செய்தார். கடல்நீரைவிடக் குறைவாகவே அமுங்குவதால், அது மூழ்கி, நீரின் அடர்த்தியும் அதன் அடர்த்தியும் ஒன்றாகும் ஆழத்தில் நின்றுவிடும். பிறகு நீர் போகும் வழியெல்லாம் போய், ஒலி எழுப்பித் தன் இடத்தைச் சொல்லும். கல்ஃப் ஸ்ட்ரீமின் அடியில் எதிர்த்திசை ஓட்டம் இருக்க வேண்டும் என்று கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல் கணித்திருந்தார். 1957இல் இந்த மிதவைகள் அதை உறுதிப்படுத்தின. சில ஆண்டுகளில் பெர்முடா அருகே விட்ட மிதவைகள், அசைவற்றதாகக் கருதப்பட்ட ஆழ்கடலில் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு வேகத்தையும் சுழல்களையும் காட்டின. ஆழ்கடலைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. இன்று உலகக் கடல்களில் ஆர்கோ எனப்படும் ஏறத்தாழ 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகின்றன.

கேள்வி: கரையோர நீரோட்டத்தை அளப்பதில் என்ன தனி முறை?

கரையோரத்தில் ஓட்டம் மணிக்கணக்கில் மாறும். கடலின் ஆழம், ஆற்று நீர், ஓதம், காற்று எல்லாம் சேர்ந்து அதைத் திருப்பும். தமிழகக் கடற்கரையில் அதற்கு நீவாடு என்று பெயர். அதன் போக்கைப் பார்த்துத்தான் வலை விடுகிறார்கள். இந்தியாவின் கிழக்குக் கரையோர ஓட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாற்றிக்கொள்வது: மார்ச், ஏப்ரலில் வடக்கே வலுவாக ஓடும், வடகிழக்குப் பருவ மாதங்களில் தெற்கே ஓடும்.

இத்தகைய மாற்றத்தை விடாமல் பார்க்க ரேடியோ அலை உதவுகிறது. 1955இல் நியூசிலாந்தின் டக்ளஸ் குரோம்பி, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கடலின் மேல் அனுப்பி எதிரொலியை ஆராய்ந்தார். ரேடியோ அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். அதில் சரிபாதி, 11 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகள் மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்பின. அந்த நீளமுள்ள அலை என்ன வேகத்தில் போகும் என்று கணக்கிட முடியும். எதிரொலி காட்டும் வேகம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவும் நீரோட்டத்தின் பங்கு. ஒரு நிலையம் தன்னை நோக்கியும் தன்னைவிட்டும் நகரும் வேகத்தையே காணும் என்பதால், முழுத் திசையை அறிய இரண்டு நிலையங்கள் வேண்டும். தமிழகத்தில் கல்பாக்கமும் கடலூரும் அப்படி ஒரு சோடி.

படகு கவிழ்ந்து காணாமற்போனவர்களை எந்தப் பக்கம் தேடுவது, சிந்திய எண்ணெய் எந்தக் கரைக்கு வரும் என்று சொல்ல இந்தப் பதிவுகள் இன்றியமையாதவை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது சிந்திய எண்ணெய், தெற்கே நகர்ந்து சென்னைக் கரைகளில் படிந்தது நினைவிருக்கலாம். இந்த ரேடியோ நிலையங்கள் காண்பது மேலுள்ள ஓரிரு மீட்டர் நீரை மட்டுமே. அதற்குக் கீழே, அடியில் நங்கூரமிட்ட ஒலிக்கருவிகள் மேல்நோக்கி ஒலியை அனுப்பி, நீரில் மிதக்கும் நுண்துகள்களிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கொண்டு ஒவ்வோர் அடுக்கின் வேகத்தையும் அளக்கின்றன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் இந்தியாவின் இரு கரைகளிலும் இத்தகைய கருவிகளை நிறுத்தியிருக்கிறது.