பச்சை விளக்கு எரிந்தால் வேலை நடக்கிறதா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சில நிறுவனங்கள் மேசைக் கணினிகளையே வண்டியில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பின. அதே ஆண்டில் டி.சி.எஸ். ஒரு திட்டத்தை அறிவித்தது: 2025-க்குள் ஒரே நேரத்தில் 25 சதவீத ஊழியர்களுக்கு மேல் அலுவலகத்தில் இருக்கத் தேவையில்லை. 2023-இல் அதே நிறுவனம் வாரத்தில் 5 நாளும் அலுவலகம் வரச் சொல்லிவிட்டது. கொள்கைகள் இப்படி மாறி மாறி வந்தாலும், வீட்டில் இருப்பவர்களைக் கொண்டு டீம் நடத்துகிறவர்களின் மனதில் சில நம்பிக்கைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: வீட்டில் விட்டால் டிமிக்கி கொடுப்பார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2022-இல் 11 நாடுகளில் 20,000 பேரிடம் கேட்டது. தாங்கள் ஒழுங்காக வேலை செய்வதாக ஊழியர்களில் 87 சதவீதம் பேர் சொன்னார்கள். அதை நம்பக் கஷ்டமாக இருப்பதாகத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். இரு தரப்பும் சொன்னது அவரவர் எண்ணம்தான். கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் வேறு.

ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010 இறுதியில் ஒரு சோதனை தொடங்கியது. வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்து தகுதியும் பெற்ற 249 பேரைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரத்தில் 4 நாள் வீட்டில், மறு பாதி அலுவலகத்தில். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவும் 9 மாதம் கணக்கெடுத்ததில், வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

வீட்டு வேலையின் ஆதரவாளர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் நம் சென்னையிலேயே நடந்த ஒரு சோதனை நேர் எதிரான முடிவைத் தந்தது. டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆட்களை எடுத்து, யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. வீட்டிலிருந்து செய்யவே விரும்பியவர்களிடம்தான் சரிவு அதிகம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளவர்கள், ஏழைக் குடும்பத்தினர் ஆகியோரிடம் இந்த முரண் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஷாங்காயில் வீட்டிலிருந்து வேலை செய்யத் தனி அறை வேண்டும், பிராட்பேண்ட் வேண்டும், 6 மாத அனுபவம் வேண்டும் என்பது முன்நிபந்தனை. நம் ஊரில் ஒரே ஹாலில் தொலைக்காட்சி ஓட, குக்கர் விசில் அடிக்க, பிள்ளை மடியில் ஏற, லேப்டாப்பைத் திறக்கிறவர் எத்தனை பேர்! டீம் லீடு ஆளைச் சந்தேகிப்பதற்கு முன்னால், உட்கார இடம் இருக்கிறதா, கரண்ட் போனால் நெட் நிற்குமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நம்பிக்கை: கண்காணித்தால் சரியாகிவிடும்.

சாட் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, மவுஸ் அசைவை எண்ணும் மென்பொருளைப் போடுவது எல்லாம் இந்த வகை. அதற்குப் பதிலடியாக, மவுஸைத் தானாக அசைக்கும் சிறு கருவிகள் சந்தைக்கு வந்தன. 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் காட்டியதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. எதை அளக்கிறோமோ அதைத்தான் ஊழியர் தருவார். வியாழக்கிழமைக்குள் எந்த வேலை முடிய வேண்டும், முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன என்று முன்கூட்டியே பேசிவிட்டால், விளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

நம்பிக்கை: அடிக்கடி மீட்டிங் வைத்தால் டீம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதிகம் பேர் விழுகிற குழி இது. ஆசியாவின் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை மைக்கேல் கிப்ஸ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஊரடங்கில் வீட்டுக்குப் போனபின் வேலை நேரம் கூடியது. முடித்த வேலை சற்றே குறைந்தது. மீட்டிங்குகள் பெருகின, இடையூறில்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது. இவ்வளவு மீட்டிங் நடுவிலும் மேலாளர் ஒரு ஊழியரோடு தனியாகப் பேசும் நேரம் குறைந்துபோனது என்பதுதான் வேதனை.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். திரையில் சிவப்பில் ஒரு எரர். டீம் லீடுக்கு 'அக்கா, ஒரு சின்ன டவுட்' என்று டைப் செய்கிறாள். அவர் மீட்டிங்கில் இருப்பதாகக் காட்டுகிறது. தொந்தரவாகிவிடுமோ என்று அழித்துவிடுகிறாள். அரை மணி கழித்து மறுபடி டைப் செய்து, மறுபடி அழிக்கிறாள். அலுவலகத்தில் நாற்காலியைத் திருப்பி இரண்டு நிமிடத்தில் கேட்டிருப்பாள். காலை ஸ்டாண்டப்பில் 'எனி பிளாக்கர்ஸ்?' என்று பதினைந்து பேர் முன்னால் கேட்டால் அவள் 'நோ' என்றுதான் சொல்வாள். தினமும் கால் மணி நேரம், கேமரா இல்லாமல், அவளோடு மட்டும் பேசினால் அந்த எரர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

கேமராவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 103 ஊழியர்களிடம் 4 வாரம் நடந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கேமராவைப் போட்டுக்கொண்டு பேசிய நாட்களில் களைப்பு கூடியது. பெண்களிடமும் புதியவர்களிடமும் அது அதிகம். மீட்டிங்கில் தலைகாட்ட வேண்டும் என்ற கட்டாயம் யாரை அழுத்துகிறது என்று பாருங்கள்.

நம்பிக்கை: வீட்டில்தானே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

2020-இல் 16 பெருநகரங்களில் 31 லட்சம் பேரின் மின்னஞ்சல், மீட்டிங் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், ஊரடங்குக்குப் பின் வேலை நாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டிருந்தது. போர்ச்சுகல் 2021-இல் சட்டமே போட்டது: அவசரம் தவிர, வேலை நேரம் முடிந்தபின் ஊழியரை அழைக்கக் கூடாது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு டீம் லீடு தன் இரவுச் செய்திகளைக் காலை 9 மணிக்குப் போகும்படி ஷெட்யூல் செய்துவிடலாம்.

நம்பிக்கை: எங்கிருந்து வேலை செய்தாலும் அப்ரைசல் நியாயமாகத்தான் நடக்கும்.

ஷாங்காய்ச் சோதனையின் இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்ததும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்; தனிமை தாங்கவில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

இப்போது டிரிப்.காம் என்று பெயர் மாறியிருக்கும் அதே நிறுவனம் 2021-இல் மறுபடி சோதித்தது. இம்முறை 1,612 பேர். ஒரு பிரிவினருக்குப் புதனும் வெள்ளியும் வீடு, மற்றவர்களுக்கு எல்லா நாளும் அலுவலகம். வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த 2 ஆண்டு அப்ரைசலிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மற்ற மூன்று நாள் எல்லோரும் ஒன்றாக அலுவலகம் வந்ததால் யாரும் கண்ணிலிருந்து மறைந்துபோகவில்லை. முழுக்க வீட்டிலிருந்தே இயங்கும் டீமில் அந்த மூன்று நாளும் இல்லை. அங்கே ரேட்டிங் போட உட்காரும்போது ஞாபகத்தை நம்பக் கூடாது. ஒவ்வொருவரும் முடித்த வேலையின் பட்டியலையும், யார் யாருக்கு உதவினார்கள் என்ற குறிப்பையும் மாதாமாதம் எழுதி வைத்திருந்து, அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.