56 ஏபிஓ-வுக்கு ஓசூரிலிருந்து ஒரு பார்சல்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி கூரியர் கடைக்கும் லாரி புக்கிங் ஆபீசுக்கும் பஞ்சமில்லை. ஆனால் லடாக்கிலோ அருணாசலத்திலோ காவல் நிற்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முறுக்கு அனுப்ப அவை உதவாது. '56 ஏபிஓ', '99 ஏபிஓ' (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்) என்று வரும் முகவரிக்குத் தபால் நிலையம்தான் வழி. ஐ.நா. அமைதிப்படையில் லெபனான், தெற்கு சூடான் போன்ற நாடுகளுக்குப் போன நம் படைப்பிரிவுகளுக்கும் ராணுவ அஞ்சல் பிரிவே தபால் சேர்க்கிறது.

முதலில் முகவரியை வாங்குங்கள். படை எண், பதவி, பெயர், யூனிட், 56 அல்லது 99 ஏபிஓ, கடைசியில் 9-இல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு. எல்லாவற்றையும் அவரே எழுதி அனுப்பட்டும், நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஊர், நாடு, மலை எதையும் உறைமேல் சேர்க்கக் கூடாது. படை எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே இந்த எண்கள். அதே காரணத்தால் முகவரியை உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

அடுத்தது, என்ன வைப்பது? சோப்பு, பற்பசை எல்லாம் படை கேன்டீனில் கிடைக்கும். அதற்கு இடத்தை வீணாக்க வேண்டாம். அங்கே கிடைக்காதது ஊர் ருசி. நம் பக்கத்துக் கேழ்வரகில் சுட்ட முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, கடலை உருண்டை, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி இவை பயணம் தாங்கும். தேங்காய் சேர்த்த பலகாரம் காறிவிடும். ஊறுகாய் எண்ணெய் கசிந்தால் உங்கள் பெட்டியோடு பக்கத்துப் பெட்டியும் பாழ். கிருஷ்ணகிரிக்காரருக்கு மாம்பழம் அனுப்பாமல் மனம் ஆறாது, தெரியும். ஆனால் பெங்களூராவோ மல்கோவாவோ, வழியிலேயே அழுகும். வெயிலில் காய்ந்த மாங்காய் வற்றல் போதும். அளவு மட்டும் தாராளமாக இருக்கட்டும்: பெட்டியைப் பிரிக்கும்போது கூட இருப்பவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

பவர் பேங்க், லைட்டர், சென்ட், ஸ்பிரே வேண்டாம். விமானத்தில் ஏறும் தபாலில் இவற்றுக்கு இடமில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு என்றால் எவ்வளவு எடை, என்னென்ன பொருள் வரலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பெட்டிக்கு நம் ஊரில் கவலையே இல்லை; பழைய அட்டைப்பெட்டிக் கடைகளில் கெட்டியானதாகப் பார்த்து எடுக்கலாம். பேட்டரி, கெமிக்கல் படம் அச்சிட்டதை மட்டும் தொடாதீர்கள். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே இருக்கும் அடையாளத்தைப் பார்த்தே நிறுத்திவிடுவார்கள். பலகாரத்தை இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இடைவெளியில் செய்தித்தாளைத் திணித்து, எல்லா விளிம்பிலும் டேப் ஒட்டுங்கள். ஐந்து கிலோவுக்குள் நிறுத்துவது நல்லது: சியாச்சின் போன்ற இடங்களுக்குத் தபாலும் ஹெலிகாப்டரில்தான் ஏறுகிறது. முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் மேலே எழுதி, இன்னொரு நகலை உள்ளேயும் வையுங்கள்.

ஓசூர் தலைமைத் தபால் நிலையமானாலும், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு அத்திப்பள்ளியானாலும் ஒன்றே. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பார்சல் முதலில் டெல்லி அல்லது கொல்கத்தாவில் உள்ள ராணுவ மையத் தபால் நிலையத்துக்குப் போகும். அதற்குப் பிறகு இணையத்தில் தகவல் நகராமல் நிற்கலாம். தொலைந்துவிட்டதென்று பதற வேண்டாம்.

வீட்டில் படைவீரர் யாரும் இல்லாதவர்கள், பெயர் தெரியாத வீரருக்கு என்று பெட்டி கட்டாதீர்கள். எண்ணும் யூனிட்டும் இல்லாத பார்சலைக் கொண்டு சேர்க்க வழியில்லை. அந்தப் பணத்தை டிசம்பர் 7 கொடிநாள் நிதிக்குக் கொடுங்கள். அது வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போய்ச் சேரும்.

பொங்கலை ஒட்டியே ஜனவரி 15 ராணுவ நாளும் வருகிறது. அதற்குள் எள்ளுருண்டை கைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள்.