விசைப்பலகையில் விரல் பழக்கம்

மழைமானிப் பதிவேட்டின் எண்களைக் கணிப்பொறியில் ஏற்றும் களப் பணியாளர் ஏட்டைப் பார்க்கிறார். பின்னர் விசையைத் தேடுகிறார். மீண்டும் ஏட்டிற்குத் திரும்புகையில் கண் ஒரு வரி கீழே இறங்கிவிடுகிறது. ஓர் ஊரின் மழை வேறோர் ஊரின் பெயரில் பதிவாகிறது. எண் பார்வைக்குச் செம்மையாகவே தோன்றுவதால் சரிபார்ப்போரும் இப்பிழையை எளிதிற் காணார். எனவே, கண் ஏட்டைவிட்டு அகலாதிருக்கச் செய்வதே தட்டச்சுப் பயிற்சியின் முதல் நோக்கமாகும். விரைவு அதனைத் தொடர்ந்து வருவது. 1888-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில் வென்ற பிராங்க் மக்கரின் என்பவர் விசைகளைப் பாராமலே தட்டியவர்.

இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இப்பழக்கத்திற்கு மிகவும் ஏற்றது. 1991-இல் வெளியான ஐ.எஸ். 13194 என்னும் இந்திய நியமத்தில் இது இடம் பெற்றுள்ளது. இதில் உயிர்க்குறிகள் இடக்கைக்கும் மெய்வரிசை எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவை. நடுவரிசையில் வலக்கைச் சுட்டுவிரலுக்கு ‘ர’, ‘ப’, நடுவிரலுக்கு ‘க’, மோதிர விரலுக்கு ‘த’, சிறுவிரலுக்கு ‘ச’. இடக்கைச் சுட்டுவிரலுக்கு இகர, உகரக் குறிகள், நடுவிரலுக்குப் புள்ளி. ‘பத்து’, ‘திரி’, ‘சிப்பி’, ‘கருப்பு’ ஆகிய சொற்களை விரல் நடுவரிசையை விட்டு நீங்காமலே எழுதிவிடலாம். இந்தியிலும் வங்காளத்திலும் ககரம் அதே விசையிலேயே உள்ளதால், வேறு மாநிலத்திற்கு மாற்றலாகிச் செல்லும் ஊழியருக்குக் கற்ற பழக்கம் வீணாவதில்லை.

இரு சுட்டுவிரல்களின் விசைகளிலும் சிறு மேடு உண்டு. கண்ணுக்குப் பதிலாக விரல் அதனைத் தடவியே தன் இடத்தை அறிதல் வேண்டும். மாணவர் கைகளின்மேல் ஆசிரியர் ஒரு துண்டை விரித்துவிடுவது எளிய உபாயம். நாள்தோறும் இருபது நிமிடம் போதுமானது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அமர்வதால் கைகள் அயர்வதே மிச்சம். பிழை நேரின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இரு விரல்களால் தட்டிப் பழகியவருக்குத் தொடக்கத்தில் வேலை முன்னிலும் மெதுவாகவே நடக்கும். கோப்புகள் குவியும்போது அவர் பழைய முறைக்கே திரும்பிவிடுவார். பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிடும் இடம் இதுவே. ஆகவே, அவசரமற்ற கடிதங்களை மட்டும் முதலில் புதிய முறையில் எழுதி வருவது நன்று.

எண்களுக்கு வலப்புறத் தனித்தொகுதி உண்டு. அங்கு 5-இன் மேல் மேடு இருக்கும். நடுவிரலின் இடம் அது. மடிக்கணினிகள் பலவற்றில் இத்தொகுதி இல்லை. மேல்வரிசை எண்களைப் பாராமல் எட்டுவது கடினமாதலால், நாள்தோறும் எண் பதிவோருக்குத் தனி எண்பலகை ஒன்றை வாங்கித் தருவது அலுவலகத்தின் கடன்.