கேளிக்கைக்கு ஒரு பற்றுத் தலைப்பு

நம் அங்கத்தினர்கள் பலர் வீட்டு வரவு செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்நோட்டுகளில் ஒரு குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அரிசி, பள்ளிக்கூடம், மருந்து, வட்டி ஆகியவற்றுக்குத் தலைப்பு உண்டு. திருவிழாவுக்கும் திரைப்படத்துக்கும் குழந்தைகளின் பலூனுக்கும் தலைப்பு இல்லை. செலவும் இல்லையா என்றால், உண்டு. அது 'இதர செலவு' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அல்லது கணக்கிலேயே ஏறாமல் கைமாற்றாக வெளியே நிற்கும்.

அண்மையில் வாலிநோக்கத்தில் உப்பளத் தொழிலாளி ஒருவரின் நோட்டைப் பார்க்க நேர்ந்தது. "கேளிக்கைக்கென்று ஒரு காசு செலவழிப்பதில்லை, ஐயா" என்றார் அவர். அடுக்களை வாயிலில் நின்றிருந்த அவர் மனைவியார், "தீபாவளிக்கு வாங்கிய கைமாற்று எந்தக் கணக்கு?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அவரிடம் விடையில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பளத்து வேலை வெயிலை நம்பியது. தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் உப்பு வாரலாம். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். தீபாவளியோ ஐப்பசியில், கூலி நின்ற பின்னரே வருகிறது. பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர் நிலையும் ஏறக்குறைய இதுவே. மழை நாளில் தெருவில் பாவு விரிக்க இயலாது. தறிக்குழியில் ஈரம் ஏறும். முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் மிளகாய் பயிரிடுவோருக்கு ஐப்பசியில் செலவுதான் உண்டு. வற்றல் சந்தைக்கு வருவது மாசிக்கு மேல். அப்பணம் கையில் இருக்கும்போது சித்திரையில் அழகர் வைகையில் இறங்குகிறார், கையும் தாராளமாகிவிடுகிறது! ஆகவே ஒரு விழாவில் கடனும் மற்றொரு விழாவில் விரயமும் நேர்கின்றன. குற்றம் விழாவினுடையது அன்று. வரவுக் காலத்தையும் விழாக் காலத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாராததே குறை.

தை முதல் புரட்டாசி முடிய, வேலையில்லாத வாரங்களைக் கழித்து 36 வாரங்கள் எனக் கொள்வோம். வாரம் 50 ரூபாய் சங்கத்துச் சேமிப்பில் செலுத்தினால் 1,800 ரூபாய் சேரும். அதே 1,800 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் வாங்கி ஆறு மாதம் கழித்துத் திருப்பினால் வட்டி மட்டும் 540 ரூபாய். ஒரு குழந்தையின் புத்தாடைக்குப் போதிய தொகை இது.

ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவ்விழா துல்கஅதா மாதத்தில் வருவது. அப்பிறைக்கணக்கு ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், விழா நம் நாட்காட்டியில் ஆண்டுதோறும் முன்னே நகரும். சென்ற ஆண்டுத் தேதியை வைத்துத் திட்டமிடலாகாது.

இனி, கேளிக்கை என்று எவரும் எண்ணாத ஒன்றைக் கூறுகிறோம். மேற்படி நோட்டில் கைப்பேசிக்கு 'மாதம் 300' என்று கண்டிருந்தது. திட்டத்தின் காலமோ 28 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அன்று, பதின்மூன்று முறை செலுத்த வேண்டும். 3,600 அன்று, 3,900. வீட்டில் மூன்று கைப்பேசிகள். ஆகவே 11,700 ரூபாய். 'கேளிக்கைக்கு ஒரு காசும் இல்லை' என்ற வீட்டில், தீபாவளிச் செலவைப் போல் ஆறு மடங்குக்கு மேல்! கைப்பேசியை விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் அது வேண்டும். ஆனால் மூன்றிலும் இணைய வசதி அவசியமா என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்யலாம்.

செலவின்றி மகிழவும் வழியுண்டு. பரமக்குடி நெசவாளர் வண்டி வைத்துக்கொண்டு கடல் காண வருகின்றனர். வாலிநோக்கத்தாரோ இராமநாதபுரத்துத் திரையரங்குக்குச் செல்கின்றனர். கடல் பிழைப்புக்குரிய இடம் என்ற எண்ணமே காரணம் போலும். கட்டுச்சோற்றுடன் இரண்டு மூன்று குடும்பங்கள் மாலையில் கரையில் கூடினால் ஆகும் செலவு சோற்றுச் செலவே. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு மட்டும் படகேறிச் செல்ல வேண்டாம். அந்த 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றவை. அனுமதியின்றி இறங்கினால் அபராதத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டியிருக்கும். கோடையில் நுங்குக் கூந்தலில் வண்டி செய்து ஓட்டவும், பனையோலையில் காற்றாடி முடையவும் பெரியோர் கற்றுத்தரலாம். மார்கழித் திருவாதிரையில் உத்தரகோசமங்கையில் சந்தனக்காப்புக் களைந்த மரகத நடராசரைக் காணப் பேருந்துக் கட்டணமே போதும்.

அவ்வம்மையார் அன்றே நோட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினார். 'கேளிக்கை' என்று எழுதக் கணவர் கூசினார். 'பிள்ளைகள் சந்தோஷம்' என்று எழுதி, முதல் வாரத்து 50 ரூபாயைப் பற்று வைத்தார். ஐப்பசியில் அப்பக்கத்தை மீண்டும் காட்டுமாறு கேட்டு வந்திருக்கிறோம்.