சில விநாடிகளின் மதிப்பு

சாலையில் பச்சை விளக்கு எரிந்ததும் இளையர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு அந்த நேரம் போதுமா? பாதி வழியிலேயே விளக்கு மாறிவிடுமோ என்று அஞ்சுபவர், ஈரச்சந்தைக்கும் சமூக மன்றத்திற்கும் செல்லத் தயங்குவார். நாளடைவில் தனிமையில் வாடுவார்.

இதற்காகச் சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையை வைத்தால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 விநாடிகள் வரை கூடுதலாகக் கிடைக்கும். மேலும், 2014 முதல், முதியோர் அதிகம் வாழும் சில வட்டாரங்களில், சாலை நடுவே சற்று நின்று கடக்க இடமும் அமைக்கப்பட்டு வருகிறது.

வாகனமோட்டிகள் காத்திருக்கும் அச்சில விநாடிகள், முதியவர்களுக்கு வெளியுலகைத் திறந்துவிடுகின்றன. கருவியை அரசாங்கம் பொருத்தலாம். பொறுமையை நாம்தான் தரவேண்டும்.