உடம்பைக் கட்டி வைத்திருக்கும் நார்

இந்த முறை அறிவியல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இணைப்புத் திசு. பரீட்சைக்குப் படிக்கிறோம், எழுதுகிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். ஆனால் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ரத்தம் எல்லாமே ஒரே குடும்பம் என்றால் நம்ப முடிகிறதா? ரத்தம் எப்படி எலும்புக்குச் சொந்தமாகும்?

மற்ற திசுக்களில் செல்கள் செங்கல் அடுக்கிய மாதிரி நெருக்கமாக இருக்கும். இணைப்புத் திசுவில் அப்படி இல்லை. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கிடப்பது போல செல்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கும். முந்திரியைச் சுற்றியுள்ள பொங்கல்தான் தளப்பொருள். அது தண்ணீராக இருந்தால் ரத்தம். கால்சியம் உப்பு படிந்து இறுகினால் எலும்பு. வளைந்து கொடுத்தால் குருத்தெலும்பு (காது மடலைத் தொட்டுப் பாருங்கள்). ரத்தத்தைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் இந்தத் தளப்பொருளுக்குள் நார்கள் ஓடும். அதில் முக்கியமானது கொலாஜன்.

பூக்கட்டும் வாழைநாரை இழுத்துப் பாருங்கள், லேசில் அறுக்காது. கொலாஜனும் அப்படித்தான். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது பந்தகம். கபடியில் கால் பிரண்டு சுளுக்கிக்கொண்டால் அடிபடுவது இந்தப் பந்தகம்தான். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஆட்டுக்கால் சூப் மிச்சமானால் ஆறியதும் கூழ் மாதிரி உறைந்து நிற்குமே, அது கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆனதால். (ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் இது இல்லை. அது மரத்திலிருந்து வருவது.)

இந்த நாருக்கு ஏன் இவ்வளவு பலம் என்று கண்டுபிடித்தது நம்ம சென்னையில்தான்! சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-ல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன் என்பதால், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் வாங்கி எக்ஸ்-ரே கதிர் பாய்ச்சிப் படித்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்தது ஒரு கொலாஜன் என்றார்கள். 1955-ல் அதைத் திருத்தி, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார்கள். நாம் போடும் மூன்று கால் பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடத்துக்கு மூன்றாவது இடம் கிளைசின் என்ற அமினோ அமிலம் வரும். உள்பக்கம் இடம் ரொம்பக் குறைவு, எல்லாவற்றிலும் சின்னதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும்.

இந்தப் பின்னல் உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், ஆறிய புண்கூட திறந்துகொள்ளும். இதுதான் ஸ்கர்வி. நெல்லிக்காயும் கொய்யாவும் மலிவாகக் கிடைக்கிற ஊரில் நமக்கு இந்த நோய் வர வேண்டியதே இல்லை.

அடுத்தது முடக்குவாதம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் அப்பத்தாவுக்கு இது இருக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பந்தகம் தளர்ந்து விரல் கோணிப்போகிறது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. இது முப்பது வயதிலும் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வரும்.

அப்பத்தா மல்லிகை கட்டிக் கொடுத்துத்தான் சம்பாதிக்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. வெந்நீரில் கையை முக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். "வாயுப் பிடிப்பு, வயசாச்சுல்ல" என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்தோம். முன்னாடியே வந்திருந்தால் விரல் கோணாமல் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். ஒரு மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும், தினமும் போட்டால் ஆபத்து என்றும் இரண்டு தடவை சொன்னார்கள். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை நான் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கும் இதே நோய்தான். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று இருந்தவர். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். 1948-ல் ராணுவ வேலையும் போயிற்று. விரல்கள் கோணிய பிறகு கண் மருத்துவம் படித்தார். 1976-ல் ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமானார். அவர் செய்த கண் அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதை அப்பத்தாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "கோணக் கையில கத்திய எப்படித்தா பிடிச்சாரு?" என்று கேட்டது. முதலில் பேனா பிடிக்கப் பழகி, அப்புறம் கத்தி பிடிக்கப் பழகினாராம், தன் கைக்கு ஏற்ற மாதிரி கருவிகளையும் செய்துகொண்டாராம் என்றேன். அப்பத்தா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தது. பிறகு வாழைநாரை வழக்கத்தைவிட அகலமாகக் கிழித்துத் தரச் சொன்னது.