அரையைவிடக் கால் பெரிதா?

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "2-ஐவிட 4 பெரிது, அதனால் 1/2-ஐவிட 1/4 பெரிது" என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: தோசையைப் பிய்த்துக் காட்டினால் பின்னம் வெறும் துண்டாகவே மனத்தில் பதியும். அதுவும் ஓர் எண்தான் என்பதை எண்கோடு காட்டும். நீளமான காகிதப் பட்டையின் இடது முனையில் 0, வலது முனையில் 1 எழுதுங்கள். சரிபாதியாக மடித்தால் அரை. மறுபடி மடித்தால் கால், முக்கால். மடிக்க மடிக்கப் பங்கு சிறுப்பதை அவளே பார்ப்பாள்; 2/4-உம் 1/2-உம் ஒரே இடத்தில் நிற்பதையும் கண்டுபிடிப்பாள். கோடுகளை அல்ல, இடைவெளிகளை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். பிறகு இன்னொரு பட்டையை ஒட்டி 2 வரை நீட்டி, 5/4 எங்கே என்று கேளுங்கள். "ஒன்றேகால்" என்று விரல் வைத்தால், புரிந்துவிட்டது என்று பொருள்.